திருத்தத்தில் தெரியும் எளிமை: விளக்கப்பட மென்பொருள்கள் பற்றிய சில நினைவுகள்

அறிவியல் நூல்களில் இடம்பெறும் எளிய விளக்கப்படம், ஒரு பொருளின் தோற்றத்தை அப்படியே காட்ட முயலும் ஓவியத்திலிருந்து வேறுபட்டது. அது அப்பொருளின் உறுப்புகளுக்கு இடையிலான உறவை மட்டும் எடுத்துக்கொண்டு, கோடு, வட்டம், அம்புக்குறி, பெயர்க்குறிப்பு ஆகிய சிலவற்றைக் கொண்டே அதைப் புலப்படுத்துகிறது. மின்சுற்று, லென்ஸின் கதிர்ப்படம், கண்ணின் குறுக்குவெட்டு, நீர்ச்சுழற்சி, ஒரு செய்முறையின் படிகளை வரிசைப்படுத்தும் பாய்வுப்படம் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஓவியப் பயிற்சி தேவையில்லை என்பதாலேயே, இவற்றை வரைய எந்த மென்பொருள் எளிது என்ற கேள்வியை ஆசிரியர்களும் நூலாசிரியர்களும் அடிக்கடி எழுப்புகின்றனர்; அதற்குக் கிடைக்கும் விடைகளோ, பெரும்பாலும், மென்பொருளைத் திறந்ததும் முதல் கோட்டை எவ்வளவு விரைவாகப் போட முடிகிறது என்பதையே அளவாகக் கொள்கின்றன. பள்ளியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே தமிழ் அறிவியல் இதழ்களுக்கும் மாணவர் கையேடுகளுக்கும் நெடுங்காலம் படம் வரைந்து கொடுத்துவந்த இக்கட்டுரையாசிரியரின் நினைவில் தங்கியுள்ள அனுபவங்கள் வேறோர் அளவைச் சுட்டுகின்றன. வரைந்து முடித்த படத்தைச் சில நாள்கள் கழித்து மாற்ற நேரும்போது அம்மாற்றத்துக்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது என்பதே அந்த அளவு.

கணினிக்கு முந்தைய நடைமுறையை அறிந்தவர்களுக்கு இந்த அளவின் பொருள் எளிதில் விளங்கும். அக்காலத்தில் படங்கள் டிரேசிங் தாளில் வரையப்பட்டன. ரோட்ரிங் பேனா என்று பொதுவாக வழங்கிய, குழாய் போன்ற முனையிலிருந்து ஒரே தடிப்பில் மை இறங்கும் பேனாக்களில் 0.3 மி.மீ. முனை துணைக்கோடுகளுக்கும் 0.5 மி.மீ. முனை முதன்மைக் கோடுகளுக்கும் பயன்பட்டது. வளைவுகளை இழுக்கப் பிரெஞ்சு வளைவு எனப்படும் பிளாஸ்டிக் அச்சுகள் இருந்தன. அச்சாக வேண்டிய அளவைப் போல் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பெரிதாக வரைந்து, ஒளிப்பட முறையில் அதைச் சுருக்கினால் கைநடுக்கம் மறைந்துவிடும் என்பதால், பெரிதாக வரைவதே வழக்கமாயிற்று. ஆங்கிலப் பெயர்க்குறிப்புகளுக்கு ஸ்டென்சில்களும் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களும் கடையில் கிடைத்தபோது, தமிழ்ப் பெயர்க்குறிப்புகளைக் கையெழுத்து நன்றாயிருப்பவர் எழுதித் தரவேண்டும், அல்லது ஒளியச்சில் கோத்த புரோமைடு தாளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டி ரப்பர் பசையால் ஒட்டவேண்டும் என்ற நிலையே இருந்தது.

அம்முறையில் வரைவதைவிடத் திருத்துவதே கடினமாக இருந்தது. டிரேசிங் தாளில் காய்ந்த மையைச் சவர பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம் என்றாலும், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டினால் தாளின் மேற்பரப்பு நார்விட்டு, அடுத்த கோட்டின் மை அங்கே கசிந்து பரவிவிடும். அதன்பின் படத்தை முழுவதும் புதிதாக வரைவதைத் தவிர வழியில்லை. லெட்டர்பிரஸ் அச்சகத்தில் படம் துத்தநாக பிளாக்காக மாறிய பின் பிழை கண்டுபிடிக்கப்பட்டால், பிளாக்கின் செலவும் கூடச் சேர்ந்தது. இக்காரணத்தால் இதழாசிரியரும் வரைபவரும் பென்சில் நகல் இருக்கும்போதே ஒவ்வொரு கோட்டையும் விவாதித்து முடித்துவிடுவர். மை தொட்ட பிறகு மாற்றம் கேட்பது நாகரிகமற்ற செயலாகக் கருதப்பட்டது. கணினி இந்த ஒழுங்கைக் குலைத்து, எந்த நேரத்திலும் மாற்றம் கேட்கலாம் என்ற எதிர்பார்ப்பைக் கொண்டுவந்தது. எல்லா மென்பொருள்களும் அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றும் வகையில் அமைந்திருக்கவில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று.

1990களின் பிற்பகுதியில் ஆசிரியர்களின் கைக்கு எட்டிய முதல் வரைமென்பொருள், விண்டோஸோடு சேர்ந்தே வந்த பெயின்ட் ஆகும். 1985இல் வெளியான விண்டோஸின் முதல் பதிப்பிலேயே அது இடம்பெற்றிருந்தது. அதற்கும் ஓராண்டு முன்னர், 1984இல், ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் கணினிக்காக பில் அட்கின்சன் எழுதிய மெக்பெயின்ட், சுட்டியைப் பிடித்துத் திரையில் வரைவது என்னும் செயலையே பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தது. பெயின்டைக் கற்றுத்தர யாரும் தேவைப்படவில்லை. பென்சில், தூரிகை, வாளி, அழிப்பான் என்று கருவிகளின் உருவங்களே அவற்றின் பயனைச் சொல்லின. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ 45 பாகைச் சாய்விலோ நேராக அமைந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சிறுவர்களும் அதில் வீடும் மரமும் வரைந்தனர். 2017இல் மைக்ரோசாஃப்ட், இனி மேம்படுத்தப்படாத கூறுகளின் பட்டியலில் பெயின்டைச் சேர்த்தபோது உலகெங்கும் எழுந்த வருத்தக் குரல்களுக்கும், அது தொடர்ந்து இலவசமாகக் கிடைக்கும் என்று அந்நிறுவனம் விளக்கம் தர நேர்ந்ததற்கும் இந்த எளிமையே காரணம்.

ஆனால் பெயின்டில் வரைந்த படத்தில், வரைந்தவர் கண்ட கோடும் வட்டமும் தனிப்பொருள்களாக எஞ்சுவதில்லை. பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளின் கட்டமே அங்கே சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் உண்டு என்பதைத் தவிர, அப்புள்ளி எந்தக் கோட்டைச் சேர்ந்தது என்ற தகவல் கோப்பில் இல்லை. இதனால் இரண்டு இடர்ப்பாடுகள் விளைந்தன. முதலாவது அச்சின் அளவைப் பற்றியது. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்ற கணக்கில் திரையில் 10 செ.மீ. அகலத்தில் தெளிவாகத் தெரியும் படம் ஏறத்தாழ 378 புள்ளிகளையே கொண்டிருக்கும்; அதே அகலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற வழக்கமான அளவின்படி ஏறத்தாழ 1,180 புள்ளிகள் தேவை, கோட்டுப்படங்களுக்கு அதைவிடவும் மிகுதியாகத் தேவை. ஆகவே திரையில் அழகாயிருந்த சாய்வுக்கோடு தாளில் படிக்கட்டாக இறங்கியது. படத்தை ஜேபெக் வடிவில் சேமித்தவர்களுக்கு இன்னோர் இழப்பும் நேர்ந்தது. ஒளிப்படங்களைச் சுருக்குவதற்காக வகுக்கப்பட்ட அம்முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து நுண்விவரங்களைக் குறைப்பதால், கரிய எழுத்தின் ஓரங்களில் சாம்பல் நிறக் கறை படிந்தது. இழப்பின்றிச் சுருக்கும் பிஎன்ஜி வடிவம் 1996 முதல் இருந்தும், அதன் பயன் ஆசிரியர்களிடையே பரவ நாளாயிற்று.

இரண்டாவது இடர்ப்பாடு திருத்தத்தைப் பற்றியது. அதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குவிலென்ஸின் முன்னே, குவியத்தூரத்தைப் போல் இருமடங்குக்கும் அப்பால் ஒரு பொருள் வைக்கப்பட்டால், அதன் பிம்பம் மறுபுறத்தில் குவியத்துக்கும் இருமடங்குத் தூரத்துக்கும் இடையே, தலைகீழாகவும் சிறிதாகவும் விழும். இதைக் காட்டும் படத்தில் முதன்மை அச்சு, லென்ஸ், குவியப் புள்ளிகள், பொருளைக் குறிக்கும் அம்பு, அச்சுக்கு இணையாகச் சென்று லென்ஸில் விலகிக் குவியத்தின் வழியே போகும் கதிர், லென்ஸின் மையத்தின் வழியே விலகாமல் செல்லும் கதிர், இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் பிம்பம், இவற்றின் பெயர்கள் ஆகியவை இருக்கும். இதழாசிரியர் ஒருவர் இப்படத்தைப் பார்த்துவிட்டு, பொருளைக் குவியத்துக்கும் இருமடங்குத் தூரத்துக்கும் இடையே நகர்த்தி, பிம்பம் பெரிதாவதைக் காட்டும்படி கேட்டபோது, பெயின்டில் அம்பைத் தேர்ந்தெடுத்து நகர்த்தினால் அச்சுக்கோட்டின் ஒரு துண்டும் அதோடு பெயர்ந்து வந்தது. அழிப்பானால் ஒரு கதிரை நீக்கினால் அது குறுக்கிட்ட மற்றக் கோடுகளில் ஓட்டை விழுந்தது. டிரேசிங் தாளில் பிளேடு செய்த வேலையைத்தான் இங்கே அழிப்பான் செய்தது. மேலும் நுணுக்கமாகச் சுரண்ட முடிந்தது என்பதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை. முதல் கோட்டை எளிதாக்கிய மென்பொருள் இரண்டாம் படத்தை முழுதாக மீண்டும் வரையவே வைத்தது.

இதற்கு மாற்றாக அமைந்த வழி, கணினி வரைகலையின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டிருந்தது. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக டிஎக்ஸ்-2 என்ற கணினியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த கோடுகளைத் தனிப்பொருள்களாக நினைவில் வைத்தது. இரு கோடுகள் இணையாக இருக்கவேண்டும், இவ்விரு முனைகள் ஒட்டியிருக்கவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை அவற்றின்மேல் விதிக்க முடிந்தது. ஒரு மூலவடிவத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் அனைத்தும் தாமாகத் திருந்தின. ஒவ்வோர் உருவையும் அதன் தொடக்கப்புள்ளி, முடிவுப்புள்ளி, தடிப்பு, நிறம் முதலிய அளவுகளின் தொகுப்பாகச் சேமிக்கும் இம்முறை, வெக்டர் வரைவு அல்லது திசையன் வரைவு என்று பெயர்பெற்றது. ஆப்பிள் நிறுவனமே 1984இல் மெக்பெயின்டோடு கூட, இம்முறையில் இயங்கும் மெக்ட்ராவையும் வெளியிட்டது என்பது, இரண்டும் வெவ்வேறு தேவைகளுக்கானவை என்பதை அத்துறையினர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. ஆசிரியர் பயிற்சி பெறுபவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க இக்கட்டுரையாசிரியர் கையாண்டது கரும்பலகையும் ஃபிளானல் பலகையுமாகும்: கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததை அழித்துத்தான் மாற்றமுடியும், ஃபிளானல் துணிமேல் ஒட்டிய படத்துண்டை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம், அடியிலிருக்கும் துண்டுக்கு எந்தச் சேதமும் இராது.

தமிழ்நாட்டில் திசையன் வரைவு பரவிய வழி டி.டி.பி. மையங்களாகும். கனடாவின் ஒட்டாவா நகரைச் சேர்ந்த கோரல் நிறுவனம் 1989இல் வெளியிட்ட கோரல்ட்ரா, திருமண அழைப்பிதழ் முதல் தீப்பெட்டிச் சீட்டு வரை அச்சுத்தொழிலின் அன்றாடக் கருவியாயிற்று. அம்மையங்களில் பணியாற்றியவர்களின் விரைவும் கைத்திறனும் வியக்கத்தக்கவை. கதிர்ப்படத்தின் பென்சில் நகலைக் கொடுத்தால் அங்கிருக்கும்போதே வரைந்து, அம்பை நகர்த்தச் சொன்னால் நகர்த்தியும் கொடுப்பார்கள். ஆனால் பொருளை நகர்த்தும்போது எந்தக் கதிர் மாறவேண்டும், எது மாறக்கூடாது என்பது இயற்பியல் அறிந்தவருக்கே தெரியும். பொருளின் உயரம் மாறாதவரை, இணைக்கதிர் லென்ஸுக்குப் பின் செல்லும் திசை மாறுவதில்லை, அதை நீட்டினால் போதும், மையக்கதிரின் சாய்வு மட்டுமே மாறும். இதை ஒவ்வொரு முறையும் அருகில் அமர்ந்து சொல்லவேண்டியிருந்ததால், பாடம் அறிந்தவரே தம் வீட்டில் திறந்து திருத்தக்கூடிய மென்பொருள் தேவை என்ற எண்ணம் வலுப்பட்டது. தொழில்முறை மென்பொருளின் விலை ஒரு தடையாக இருந்தது. கோப்பு வடிவம் அதைவிடப் பெரிய தடையாக இருந்தது. தயாரித்த நிறுவனத்தின் மென்பொருள் மட்டுமே படிக்கவல்ல மூடிய வடிவங்களில் சேமிக்கப்பட்ட பல படங்கள், பதிப்பு மாறியதும் பழைய கணினிகளில் திறக்க மறுத்தன. மையம் மூடப்பட்டதும் படமும் அதோடு போயிற்று.

இச்சூழலில்தான் கட்டற்ற மென்பொருள்கள், அதாவது எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்கள், கவனத்துக்கு வந்தன. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆஃபீஸை 1999இல் சன் நிறுவனம் வாங்கி, 2000இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அவ்வாறு பிறந்த ஓப்பன் ஆஃபீஸிலிருந்து 2010இல் லிப்ரே ஆஃபீஸ் கிளைத்தது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இத்தொகுப்பை நிறுவியவர்களில் பலர், அதனுள்ளே டிரா என்ற வரைமென்பொருளும் இருப்பதை அறியாமலே இருந்தனர். தொடக்கத்தில் எளிய தோற்றமுடையதாய்க் காணப்பட்ட அது, விளக்கப்படத்துக்கு வேண்டிய பெரும்பாலானவற்றைக் கொண்டிருந்தது. கோடுகள் ஒரு கண்ணுக்குத் தெரியாத சதுரக் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் வசதியால், மின்சுற்றின் செவ்வகம் கோணலாவதில்லை; ஓர் உருவைத் தேர்ந்து எஃப்4 விசையை அழுத்தினால் அதன் இடத்தையும் அளவையும் சென்டிமீட்டரில் எண்ணாகவே கொடுக்கலாம்; மின்கலம், சாவி, அம்மீட்டர் ஆகிய குறியீடுகளை ஒருமுறை வரைந்து தொகுதியாகக் கட்டிவிட்டால், அடுத்தடுத்த சுற்றுகளில் அவற்றைப் படியெடுத்து வைத்தாலே போதும்.

டிராவிலும், டயா முதலிய பாய்வுப்பட மென்பொருள்களிலும் உள்ள ஒரு கூறு, எளிமை பற்றிய எண்ணத்தையே மாற்றியது, அதுதான் இணைப்புக்கோடு. சாதாரணக் கோடு தாளின் இரு புள்ளிகளுக்கு இடையே செல்வது. இணைப்புக்கோடோ இரு உருவங்களோடு கட்டப்பட்டது, ஆகவே ஒரு பெட்டியை இழுத்து நகர்த்தினால் அதோடு இணைந்த அம்புகளும் வளைந்து நீண்டு பின்தொடரும். உப்புநீரைக் குடிநீராக்கும் செய்முறையின் படிகளைக் காட்டும் பாய்வுப்படம் ஒன்றில், நடுவே ஒரு படி விடுபட்டிருப்பது மெய்ப்புத் திருத்தும்போது தெரியவந்தது. இணைப்புக்கோடுகளால் வரைந்திருந்ததால், கீழுள்ள பெட்டிகளை மொத்தமாகத் தேர்ந்து இறக்கிவிட்டு, புதிய பெட்டியை இடையில் செருகி, ஓர் அம்பின் முனையை மாற்றிக் கட்டி, புதிய அம்பு ஒன்றைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது. சாதாரணக் கோடுகளால் வரையப்பட்டிருப்பின் ஒவ்வோர் அம்பையும் தனித்தனியே இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்திருக்கும். திசையன் வரைவு என்ற பெயர் மட்டும் திருத்தத்தை எளிதாக்கிவிடுவதில்லை, உருவங்களுக்கு இடையிலான உறவையும் மென்பொருள் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பதை இது காட்டிற்று.

தமிழில் படம் வரைவோருக்கு இவற்றோடு மற்றொரு தேவையும் சேர்ந்தது. பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படத்தைத் திறந்தால் 'குவியம்' இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நின்றன. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு, 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கியிருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது. ஆயினும் ஒருங்குறியில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'லென்ஸ்' என்ற சொல்லில் லகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அடுத்தும் சேமிக்கப்பட்டு, திரையில் காட்டும்போது கொம்பு லகரத்துக்கு இடப்புறம் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் எழுத்தமைப்பு நிரலை உள்ளடக்காத வரைமென்பொருள்களில் கொம்பு லகரத்துக்குப் பின்னே சென்று, புள்ளிவட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றது. ஆங்கிலத்தில் மிக எளிதென்று புகழப்பட்ட சில மென்பொருள்கள் இந்த ஒரு காரணத்தாலேயே தமிழருக்குப் பயன்படாமல் போயின. ஆகவே எந்த மென்பொருளை நிறுவினாலும் முதலில் 'லென்ஸ்', 'மின்கோவை', 'ஔவை' போன்ற சில சொற்களை அதில் எழுதிப் பார்ப்பதும், அவற்றைப் பிடிஎஃப் ஆக மாற்றி இன்னொரு கணினியில் திறந்து பார்ப்பதும் ஒரு வழக்கமாக நிலைத்தது.

நேர்கோடும் பெட்டியும் போதாத படங்கள் உண்டு. கண்ணின் குறுக்குவெட்டில் விழிவெண்படலமும் கருவிழியும் விழிலென்ஸும் வளைவுகளால் ஆனவை. இத்தகைய வளைவுகளைக் கணினி பெசியர் வளைவுகளாக வைத்திருக்கிறது. பிரான்ஸின் ரெனோ மோட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய பியர் பெசியர் கார்களின் உடற்பகுதியை வடிவமைக்க இவ்வளைவுகளைப் பயன்படுத்திப் புகழ்பெறச் செய்தார். அவருக்கும் முன்னரே, 1959இல், சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்டெல்ஜோ இதன் கணக்கை வகுத்திருந்தார். ஒரு வளைவின் இரு முனைகளும், அம்முனைகளிலிருந்து வளைவு எத்திசையில் எவ்வளவு விசையோடு புறப்படுகிறது என்பதைக் குறிக்கும் இரு பிடிகளும், ஆக நான்கு புள்ளிகளே வளைவை முழுவதும் தீர்மானிக்கின்றன. 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்த இங்க்ஸ்கேப், இவ்வளைவுகளைக் கையாள்வதில் தேர்ந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் பரிந்துரைத்த எஸ்விஜி என்ற திறந்த வடிவிலேயே அது படத்தைச் சேமிக்கிறது. எஸ்விஜி கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது என்பதால், அதைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்து ஒரு பெயர்க்குறிப்பின் எழுத்துப்பிழையைக் கூடத் திருத்தலாம்.

இங்க்ஸ்கேப்பை எளிய மென்பொருள் என்று முதல் நாளில் எவரும் சொல்லமாட்டார்கள். அதன் பிடிகள் பழகாத கைக்குப் பிடிபடுவதில்லை. தேவையற்ற இடங்களிலெல்லாம் புள்ளிகளைப் போட்டு வளைவை நெளியச் செய்வது புதியவர்களிடம் காணப்படும் பொதுவான போக்கு, குறைந்த புள்ளிகளால் வளைவை அமைப்பதே பயிற்சியின் பெரும்பகுதி. ஆனால் அப்பயிற்சி கைவந்தபின், கண்ணின் ஒரே படத்தை வைத்து, விழிக்கோளத்தை நீட்டிக் கிட்டப்பார்வையையும் சுருக்கித் தூரப்பார்வையையும் காட்டமுடிந்தது. அடுக்கு எனப்படும் லேயர் வசதியால் வடிவங்களை ஓர் அடுக்கிலும் கதிர்களை மற்றோர் அடுக்கிலும் பெயர்க்குறிப்புகளை மூன்றாவதிலும் வைத்து, பெயர்களை மறைத்துவிட்டால் அதே படம் தேர்வுத்தாளுக்கு வினாவாகவும் பயன்பட்டது. தமிழ் எழுத்தை அது சரியாகவே காட்டியது. அச்சகத்தில் அந்த எழுத்துரு இருக்குமோ இராதோ என்ற ஐயமுள்ளபோது, அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்துகளை வளைவுகளாக மாற்றிவிடும் வசதியும் இருந்தது. அவ்வாறு மாற்றிய எழுத்தைப் பின்னர்த் திருத்த முடியாது என்பதால் மூலக்கோப்பைத் தனியே காப்பது அவசியமாயிற்று.

பென்சில் ஓவியம் போன்ற கைப்படங்களின் தேவை வேறு. வகுப்பில் விளக்கும்போது அளவு பிசகாத கோட்டைவிடத் தோராயமான வடிவமே போதுமானது. சுட்டியால் அதை வரைய முயல்வோரின் கோடு நடுங்கிக் கோணலாவது இயல்பு. இதற்கு இரு வழிகள் பயன்பட்டன. தாளில் கரிய பேனாவால் வரைந்து, ஒளிப்படமெடுத்து, இங்க்ஸ்கேப்பின் தடமெடுக்கும் வசதியால் அதைத் திசையன் உருவாக மாற்றுவது முதல் வழி. கையின் இயல்பான ஓட்டம் அதில் காப்பாற்றப்படுகிறது. 2020இல் தோன்றிய எக்ஸ்காலிட்ரா போன்ற, இணைய உலாவியிலேயே இயங்கும் மென்பொருள்கள் இரண்டாம் வழி. அவை நேர்த்தியான செவ்வகத்தையும் கையால் போட்டதுபோல் சற்றே நெளிந்த கோடுகளாகக் காட்டுகின்றன, ஆயினும் உள்ளே அது நகர்த்தவும் இணைக்கவும் கூடிய தனிப்பொருளாகவே இருக்கிறது. முடிவு செய்யப்படாத கருத்தை இத்தகைய தோற்றத்தில் காட்டினால், பார்ப்பவர்கள் தயக்கமின்றி மாற்றங்களைச் சொல்கிறார்கள் என்பது ஆசிரியர் குழுக்களின் கூட்டங்களில் கண்ட ஒன்று. உலாவியில் இயங்கும் டிரா.ஐஓ பாய்வுப்படங்களுக்கு ஏற்றது. அதிலிருந்து பெறும் பிஎன்ஜி படத்துக்குள்ளேயே திருத்தக்கூடிய மூலத்தையும் பொதித்து வைக்கலாம் என்பதால், படம் ஓரிடத்திலும் மூலம் வேறிடத்திலும் பிரிந்துபோகும் தொல்லை குறைந்தது.

சுட்டியால் வரைவதையே தவிர்க்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றில் வரைபவர் கோட்டைப் போடுவதற்கு மாறாக உறவைச் சொல்கிறார். கிராஃப்விஸ் என்ற மென்பொருளில் எது எதோடு இணைகிறது என்று எழுத்தால் எழுதினால், பெட்டிகளை எங்கே வைப்பது என்பதை அதுவே கணக்கிடுகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா, வடிவியலில் இதைச் செய்கிறது. மேலே கண்ட கதிர்ப்படத்தை அதில் அமைக்கும்போது, பொருளின் நுனியை ஒரு புள்ளியாகவும், இணைக்கதிரை அப்புள்ளியின் வழியே அச்சுக்கு இணையான கோடாகவும், பிம்பத்தின் நுனியை இரு கதிர்களின் சந்திப்பாகவும் வரையறுக்க வேண்டியிருந்தது. இது மற்ற மென்பொருள்களில் வரைவதைவிட அதிகச் சிந்தனையைக் கேட்டது. ஆனால் அதன்பின் பொருளின் புள்ளியை அச்சின்மேல் இழுத்தபோது, கதிர்கள் தாமே சாய்ந்து, பிம்பம் சுருங்கியும் வளர்ந்தும், பொருள் குவியத்தை எட்டும்போது கதிர்கள் இணையாகிப் பிம்பமே மறைந்தும் போயிற்று. சதர்லாண்ட் 1963இல் காட்டிய நிபந்தனைகள் பள்ளிக் கணினிக்கு வந்துசேர்ந்த வடிவம் இதுவே எனலாம். பிம்பத்தின் இடத்தை மனப்பாடமாகச் சொல்லிவந்த மாணவர்கள், புள்ளியை இழுத்துப் பார்த்தே அதைக் கண்டுகொண்டனர்.

இவ்வனுபவங்களிலிருந்து வரும் தேர்வு முறை பெரிதும் எளியது. விளம்பரங்களையும் கருவிகளின் எண்ணிக்கையையும் ஒதுக்கிவிட்டு, தாம் உண்மையில் வரையவேண்டிய படங்களில் ஒன்றை எடுத்து, அதை ஒரு மென்பொருளில் வரைந்து சேமித்து மூடிவிடவேண்டும்; மறுநாள் திறந்து, அதில் ஓர் உருவை நகர்த்தவும், ஒரு பெயரை மாற்றவும், இடையில் ஒரு பெட்டியைச் செருகவும், அச்சு அளவில் பிடிஎஃப் எடுக்கவும் முயன்று, எதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கவேண்டும். இச்சோதனையில் பெயின்ட், ஒளிப்படத்தின்மேல் ஓர் அம்பைப் போடுவதற்கும் திரைப்பிடிப்பை வெட்டுவதற்கும் மேல் செல்வதில்லை; 2023இல் அதில் அடுக்குகள் சேர்க்கப்பட்ட பின்னரும் கோடுகள் படப்புள்ளிகளாகவே எஞ்சுகின்றன. மின்சுற்றுக்கும் பாய்வுப்படத்துக்கும் டிராவோ டிரா.ஐஓவோ போதும், வளைவுகள் மிகுந்த உயிரியல் படங்களுக்கு இங்க்ஸ்கேப்பைக் கற்கும் உழைப்பு வீணாவதில்லை, அளவு மாற மாற வடிவம் மாறவேண்டிய கணிதப் படங்களுக்கு ஜியோஜீப்ராவே பொருந்தும். ஒரே மென்பொருள் எல்லாவற்றுக்கும் வேண்டுமென்று கேட்கும் ஆசிரியருக்கு டிராவையே இக்கட்டுரையாசிரியர் பரிந்துரைத்து வந்தார். இணையம் இன்றி இயங்குவதும், தமிழைப் பிழையின்றிக் காட்டுவதும், விலையின்றிக் கிடைப்பதும் அதற்கான காரணங்கள்.

திருத்தத்தின் எளிமையை அளவாகக் கொள்வதன் முழுப்பயன், படத்தை வரைந்தவர் அருகில் இல்லாதபோதுதான் விளைகிறது. பாடத்திட்டம் மாறும், கலைச்சொல் மாறும், ஓய்வுபெற்றவரின் இடத்துக்கு வேறோர் ஆசிரியர் வருவார். அவருக்குக் கிடைப்பது திறந்த வடிவில் சேமித்த, உருவங்கள் தனித்தனியாகவும் உறவுகள் கட்டப்பட்டும் உள்ள கோப்பாக இருந்தால், முந்தையவர் நிறுத்திய இடத்திலிருந்து அவர் தொடரலாம். அச்சுப் பக்கத்திலிருந்து ஒளிப்படமெடுத்த மங்கலான படமாக இருந்தால், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து வரையவேண்டும். தமிழில் அறிவியல் படங்கள் மீண்டும் மீண்டும் புதிதாகவே வரையப்பட்டு வருவதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. திருத்தக்கூடிய மூலங்கள் கைமாறாமல் போனதே பெருங்காரணம். ஆகையால் மென்பொருளைத் தேர்பவர், இது தமக்கு எளிதா என்று கேட்பதோடு நில்லாமல், தம் படத்தை நாளை முன்பின் அறியாத ஒருவர் திறந்து மாற்றுவது எளிதா என்றும் கேட்டுக்கொள்வது, தேர்வைச் செம்மையாக்கும்.